ஒற்றைச் சக்கரம் மட்டும் ஏன் சுழல்கிறது?

சரிவில் நின்ற ஜீப்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலேறும் சாலை நம்மைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோகிறது. வெள்ளிமலை, கரியாலூர் வரை தார்ச்சாலை. அதை விட்டுக் கிளை பிரியும் மண்பாதைகளில்தான் நம் கதை நடக்கிறது. வெயில் காலத்தில் கல்போல் இறுகிக் கிடக்கும் அந்தப் பாதை, வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் பெய்துவிட்டால் வேறொன்றாகிவிடும். மேல்மண் குழைந்து சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். வழியை வண்டித்தடம் பாதி தீர்மானித்தால், மீதியை வெள்ளம் அறுத்த பள்ளம் தீர்மானிக்கும்.

அப்படிப்பட்ட ஒரு சரிவில் பழைய ஜீப் ஒன்று ஏறுகிறது. பின்னால் குச்சிக்கிழங்கு மூட்டைகள். பாதி ஏற்றத்தில் இடப்பக்கப் பின்சக்கரம் ஒரு பள்ளத்துக்கு மேல் தொங்குகிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். என்ஜின் கத்துகிறது, புகை கக்குகிறது. தொங்கும் சக்கரம் பம்பரமாகச் சுழல்கிறது. வலப்பக்கப் பின்சக்கரம் நல்ல தரையில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அசையவே இல்லை.

சேற்றில் வண்டி மாட்டியதைப் பார்த்தவர் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். வேலை செய்யக்கூடிய சக்கரம் சும்மா நிற்கிறது. வேலையே செய்ய முடியாத சக்கரத்துக்கு மொத்தச் சுழற்சியும் போகிறது. இவ்வளவு வலுவான இயந்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், காடுமேடு ஏறும் வண்டியைத் தன் பட்டறையில் வைத்து மாற்றியமைப்பவர்கள் என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள், எங்கே தவறிவிடுகிறார்கள் என்பதெல்லாம் விளங்கும்.

நுகத்தடி சொல்லும் பாடம்

ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியின் நடுவில் ஏர்க்காலைக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். இரண்டு மாடும் சமமாக இழுத்தால் நுகம் நேராக நிற்கும், ஏர் நகரும். ஒரு மாடு இழுக்காமல் பின்வாங்கிவிட்டால்? நல்ல மாடு எவ்வளவுதான் முன்னால் தள்ளினாலும் நுகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், ஏர் நகராது. நடுவில் பிணைத்த நுகத்தின் இயல்பு அது. ஒரு முனையில் எவ்வளவு இழுப்பு இருக்கிறதோ அவ்வளவுதான் மறுமுனையிலும் நிலைக்கும். சோம்பல் மாட்டின் அளவுக்கு நல்ல மாட்டின் உழைப்பும் குறைந்துவிடுகிறது.

ஜீப்பின் பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கூட்டுக்குள் இதே நுகம் பற்சக்கர வடிவில் உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் அதை டிஃபரன்ஷியல் என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அதைப் பகிர்வுப் பெட்டி என்று அழைப்போம். என்ஜினிலிருந்து வரும் முறுக்குவிசையை, அதாவது திருகும் வலுவை, இரண்டு சக்கரத்துக்கும் பங்கிடுவது அதன் வேலை. உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் என்ற சிறு பற்சக்கரங்கள் நுகத்தடியைப் போலவே இரு பக்கமும் ஒரே அளவு வலுவைத் தருகின்றன.

அப்படியானால் இந்தப் பெட்டி எதற்கு? இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் மாட்டிவிட்டால் ஆகாதா? மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுதான் இதற்குப் பதில். வண்டி அந்த வளைவில் அரைவட்டம் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.2 மீட்டர் இடைவெளி இருந்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 3.8 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு சிறியதோ பெரியதோ, அரைவட்டம் திரும்பினால் இந்த வித்தியாசம் மாறாது. இரண்டும் ஒரே கம்பியில் இருந்தால் ஒரு சக்கரம் தாரில் தேய்ந்து இழுபட வேண்டும். டயர் தேயும், அச்சு முறுக்கிக்கொள்ளும், வண்டி திரும்ப மறுக்கும்.

பிரான்சில் கடிகாரம் செய்பவரான ஒனேசிஃபோர் பெக்கர் 1827-இல் ஒரு நீராவி வண்டிக்காக இந்தப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். திரும்பும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுத்தது. வலுவைச் சமமாகப் பங்கிட்டது. வேகத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. சாலையில் நம்மைக் காப்பாற்றும் அந்தச் சுதந்திரமே சேற்றில் நம்மைக் கைவிடுகிறது. காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்றக் கிட்டத்தட்ட வலுவே வேண்டாம். ஆகவே அதற்குக் கிடைப்பதும் கிட்டத்தட்டப் பூஜ்யம். சமபங்கு விதிப்படி மறு சக்கரத்துக்கும் அதே பூஜ்யம்.

என்ஜின் போதவில்லையா? ஒரு கணக்கு

வண்டி நின்றதும் பலர் சொல்வது, "என்ஜினுக்கு இழுவை பத்தலை" என்பது. பெரிய என்ஜின் மாட்ட வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைக்கிறது. அது சரிதானா என்று ஒரே ஒரு வண்டியை எடுத்துப் பார்ப்போம்.

மும்பையில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, பின்னால் உரிமம் பெற்று நெடுங்காலம் இங்கேயே செய்த வண்டி சிஜே-3பி. பானெட் சற்று உயர்ந்து நிற்கும் அந்த ஜீப்பை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. வெறும் வண்டி ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. ஆளும் மூட்டையும் சேர்த்து மொத்தம் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரிவு எப்படிப்பட்டது? பாதையில் மூன்று மீட்டர் ஏறினால் ஒரு மீட்டர் உயரம் கூடும். நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும்.

முதலில் தேவை. மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில் வண்டி கீழே உருளாமல் பிடித்து மேலே தள்ள, எடையில் மூன்றில் ஒரு பங்கு உந்துதல் வேண்டும். அதாவது 500 கிலோ எடையைத் தூக்கும் அளவு.

அடுத்து என்ஜின். அந்த வகை ஜீப்பின் பெட்ரோல் என்ஜின் தரும் உச்ச முறுக்குவிசை, ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 16 கிலோவைத் தொங்கவிட்டது போல. மிகச் சிறியதுதான். ஆனால் அது நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. முதல் கியர் அதைச் சுமார் 2.8 மடங்காக்குகிறது. லோ கியர் என்று ஓட்டுநர்கள் சொல்லும் கூடுதல் பெட்டி இன்னும் 2.46 மடங்கு. அச்சிலுள்ள கிரவுன் பற்சக்கரம் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. பதினாறு கிலோ இப்போது ஏறத்தாழ 590 ஆகிவிட்டது. பற்சக்கர உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 470 மிஞ்சும். சக்கரத்தின் ஆரம் 36 சென்டிமீட்டர் என்பதால், டயர் தரையைத் தொடும் இடத்தில் கிடைக்கும் உந்துதல் சுமார் 1,300 கிலோ.

தேவை 500, கையில் 1,300. லோ கியர் போடாமல் வெறும் முதல் கியரில் ஏறினால் இது 530 ஆகச் சுருங்கும். மயிரிழையில் போகலாம், கொஞ்சம் தடுமாறினாலும் என்ஜின் அணைந்துவிடும். லோ கியருக்கு நாம் கொடுக்கும் விலை வேகம். என்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது வண்டி மணிக்கு நாலு கிலோமீட்டருக்கும் குறைவாகவே நகரும். ஆள் நடக்கும் வேகம். கரடுமுரடான பாதையில் அதுதான் சரியான வேகமும்கூட.

ஆக, என்ஜின் குற்றமற்றது. பிறகு வண்டியை நிறுத்தியது எது?

பிடிமானம் என்ற கருவூலம்

டயர் தரையைப் பற்றும் அளவைப் பிடிமானம் என்போம். என்ஜின் எவ்வளவு கொடுத்தாலும் தரை ஒப்புக்கொள்ளும் அளவுதான் வண்டியை நகர்த்தும். அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கிச் சுழலும். அந்த அளவு இரண்டைப் பொறுத்தது: சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது, மண் எப்படிப்பட்டது. இறுகிய காய்ந்த மண், தன்மேல் அழுத்தும் எடையில் பத்தில் ஆறு பங்கு உந்துதலைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மழையில் குழைந்த மண் பத்தில் நாலு பங்குதான் தாங்கும்.

சரிவில் நிற்கும் நம் 1,500 கிலோ ஜீப் தரையைச் செங்குத்தாக அழுத்துவது சுமார் 1,410 கிலோ. ஏறும்போது எடை பின்னால் சாய்வதால் பின்சக்கரங்களுக்கு 920, முன்சக்கரங்களுக்கு 490 போகிறது எனக் கொள்வோம்.

வெயில் காலம். பின்சக்கர இழுவை மட்டும் போதுமா? 920-இல் பத்தில் ஆறு 550. தேவை 500. ஏறிவிடும்! கோடையில் சாதாரண வண்டிகளும் அந்தப் பாதையில் போய்வருவதன் ரகசியம் இது.

மழைக்காலம். பின்சக்கரங்களின் 920-இல் பத்தில் நாலு, 370. ஏறாது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தால் 1,410-இல் பத்தில் நாலு, 560. ஏறும், ஆனால் விளிம்பில்.

இப்போது பள்ளம் வருகிறது. பின்சக்கரம் ஒன்று தொங்குகிறது. நுகத்தடி விதிப்படி பின் அச்சு முழுவதும் பூஜ்யம். முன் அச்சு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பங்கு 490-இல் பத்தில் நாலு, 200 கிலோ கூட இல்லை. என்ஜினிடம் 1,300 இருக்கிறது, தரை வாங்கிக்கொள்வது 200. இதைவிட இரண்டு மடங்கு பெரிய என்ஜினை மாட்டினாலும் அந்த 200 மாறாது. சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், பள்ளம் இன்னும் ஆழமாகும். அவ்வளவுதான்.

காடுமேட்டு வண்டியைக் கட்டும் கலை முழுவதும் இந்த இடத்தில் தொடங்குகிறது. கருவூலம் தரையில் இருக்கிறது. பிடிமானம் எந்தச் சக்கரத்தின் அடியில் கிடக்கிறதோ அங்கே வலுவைக் கொண்டுசேர்ப்பதே வேலை.

கரும்பு டிராக்டரிடம் இருக்கும் விடை

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டரைப் பாருங்கள். அதில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரேக் பெடல். சேற்று வயலில் ஒரு சக்கரம் சுழன்றால் டிராக்டர்காரர் அந்தப் பக்கப் பிரேக்கை மட்டும் மிதிப்பார். சோம்பல் மாட்டின் கழுத்தில் ஒரு சுமையைக் கட்டியது போல. அந்தப் பக்கம் எதிர்ப்பு ஏறியதும் மறுபக்கத்துக்கும் அதே அளவு வலு போய்ச் சேரும். பல டிராக்டர்களில் இன்னொரு பெடலும் உண்டு. அதை மிதித்தால் பகிர்வுப் பெட்டி பூட்டிக்கொண்டு இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழலும். நுகத்தடியை ஏர்க்காலோடு ஆடாமல் குறுக்குக்கட்டுப் போட்டு இறுக்கியது போல.

ஜீப்பில் கால் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் போதும் என்று சொல்பவர் உண்டு. அது ஏன் பெரும்பாலும் ஏமாற்றுகிறது என்று இப்போது நமக்கே தெரியும். கால் பிரேக் இரண்டு பக்கத்தையும் சமமாகப் பிடிக்கிறது. சுழலும் சக்கரத்தில் சேர்ந்த சுமை மறு சக்கரத்துக்குக் கூடுதல் வலுவைக் கொண்டுவருகிறது. ஆனால் அங்கே இருக்கும் பிரேக்கே அதைத் தின்றுவிடுகிறது. புதிய வண்டிகளில் கணினி, சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கிறது. டிராக்டர்காரரின் காலுக்குத் தெரிந்த வித்தையை அது கற்றுக்கொண்டுவிட்டது.

பூட்டிய பெட்டியோடு நம் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். தொங்கும் சக்கரத்தின் பங்கு எடை மறு பின்சக்கரத்தின் மேல் ஏறியிருக்கும். 920 கிலோவும் அந்த ஒற்றைச் சக்கரத்தில். பத்தில் நாலு, 370. முன் அச்சின் 200-ஐச் சேர்த்தால் 560-க்கு மேல். தேவை 500. ஜீப் ஏறிவிடும். என்ஜினில் ஒரு மறைகூடக் கழற்றவில்லை.

வீட்டுப் பட்டறையில் சிலர் இதைக் குறைந்த செலவில் செய்யப் பார்க்கிறார்கள். ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். சேற்றில் பிரமாதமாக ஏறும். தார்ச்சாலைக்கு வந்ததும் அந்த 3.8 மீட்டர் கணக்கு திரும்ப வரும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு டயர் தாரில் இழுபடும், ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கப்படும், ஸ்டியரிங் கனக்கும். ஒரு நாள் வளைவிலேயே ஷாஃப்ட் முறியும். பூட்டு தேவைதான்; ஆனால் வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது திறக்கவும் முடிய வேண்டும்.

காற்றைக் குறைத்தால் பாதம் வளரும்

பத்துப் பைசா செலவில்லாத மாற்றம் ஒன்று உண்டு. அது டயரின் காற்று.

நம் ஜீப் சமதரையில் நிற்கும்போது ஒரு சக்கரத்துக்கு 375 கிலோ. டயரில் 30 பவுண்டு அழுத்தம் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் இடம் சுமார் 2.1 கிலோவைத் தாங்கும். அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டர். காற்றைப் பாதியாக்கி 15 பவுண்டுக்குக் கொண்டுவந்தால் பரப்பு இரட்டிப்பாகி 360 ஆகிறது. டயரின் விறைப்பும் கொஞ்சம் எடை தாங்குவதால் உண்மையில் சற்று மாறும், போக்கு இதுதான். இந்தப் பாதம் பெரும்பாலும் நீளவாக்கில் வளர்கிறது. சேற்றில் குதிகாலை ஊன்றினால் புதைகிறோம், பாதத்தைப் பரத்தி வைத்தால் நிற்கிறோம். தளர்ந்த டயரும் அப்படியே; புதைவது குறைந்து, கூரான கல்லின் மேல் துள்ளாமல் அதை அணைத்துக்கொண்டு ஏறுகிறது.

இதற்கும் விலை உண்டு. குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கலாம். டியூப் உள்ள டயர், இரும்பு வளையத்தின் மேல் வழுக்கி டியூபையும் இழுத்துப் போகும். வால்வு இருக்கும் இடம் கிழிந்துவிடும். ஆகவே காற்றைக் குறைப்பவர் கையில் அழுத்தம் அளக்கும் கருவியும் திரும்ப நிரப்பும் பம்ப்பும் இருந்தாக வேண்டும். தார்ச்சாலையைத் தொடும் முன் நிரப்பியாக வேண்டும்.

பெரிய டயர்: வரவும் செலவும்

ஜீப் வைத்திருப்பவரின் முதல் ஆசை பெரும்பாலும் பெரிய டயர். பார்க்க மிடுக்காக இருக்கும். பத்து சதவீதம் பெரிய டயரைப் போட்டால் என்ன ஆகும்? விட்டம் 72 சென்டிமீட்டரிலிருந்து 79 ஆகிறது.

வரவு உண்மையானது. அச்சு மூன்றரை சென்டிமீட்டர் உயர்கிறது. வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்குவது அந்தப் பகிர்வுப் பெட்டியின் கூடுதான். கல்லில் முதலில் இடிப்பதும் அதுவே. அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டும். பட்டை ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

இப்போது செலவு. சக்கரத்தின் ஆரம் கூடியதால் 1,300 கிலோ உந்துதல் 1,180 ஆகக் குறைகிறது. மீட்டர் 50 என்று காட்டும்போது வண்டி 55-இல் போகும். அதே தூரத்தில் நிற்கப் பிரேக் பத்து சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் அது சிறிய விஷயமில்லை. கனமான டயரின் பிடி கூடும்போது ஆக்சில் ஷாஃப்டின் மேல் சுமையும் கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. வண்டியின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால் அதை எடைமையம் என்கிறோம். சக்கர இடைவெளி 1.23 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்றால், அசையாமல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் 43 பாகை வரை சாயலாம். அதற்கு மேல் கவிழும். டயரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து எடைமையத்தை 15 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் அந்த எல்லை 38 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கூரை கேரியரில் மூட்டை ஏற்றினால் இன்னும் குறையும். ஓடும் வண்டியில் ஒரு கல் தூக்கிப் போட்டாலோ திடீரென ஸ்டியரிங்கை ஒடித்தாலோ இந்த எல்லையை எட்டும் முன்பே கவிழ்ந்துவிடும். உயரம் மிடுக்கைக் கொடுத்தது, நிலைப்பைப் பறித்துக்கொண்டது.

சுமைக்காகப் பின்னால் ஒன்றிரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடுவதும் அப்படித்தான். மூட்டை ஏற்றினால் வண்டி தாழாது. ஆனால் விறைத்துப்போன ஸ்பிரிங், பள்ளம் வரும்போது சக்கரத்தைக் கீழே இறங்க விடாது. சக்கரம் காற்றில் தொங்கும். எங்கிருந்து கிளம்பினோமோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

வண்டியில் எந்த மாற்றமும் கடன் போன்றது. எங்கே வாங்கினோம் என்பது உடனே தெரியும். எங்கே திருப்பிக் கட்டப்போகிறோம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொட்டகையில் பிறந்த வண்டிகள்

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் கலிபோர்னியாவின் புரூஸ் மேயர்ஸ். படகு கட்டியவர். 1964-இல் சிறிய ஃபோக்ஸ்வாகன் காரின் பாகங்களின் மேல் கண்ணாடியிழை உடல் ஒன்றைத் தன் கையால் வார்த்துப் பொருத்தினார். மேயர்ஸ் மாங்க்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கடற்கரை வண்டிக்கு நான்கு சக்கர இழுவை கிடையாது. ஆனால் எடை குறைவு. என்ஜின் பின்னால், இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நம் கணக்கில் பார்த்த பின்சக்கர எடையை அவர் வடிவமைப்பிலேயே கொண்டுவந்துவிட்டார். 1967-இல் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த முதல் பெரும் ஓட்டப் போட்டியில் அந்த வகை வண்டியே வென்றது.

அந்தப் பாலைவனத்தின் பெயரைத் தாங்கிய மாணவர் போட்டி நம் நாட்டிலும் 2007 முதல் நடக்கிறது. பாஹா எஸ்ஏஇ இந்தியா என்று பெயர். பொறியியல் மாணவர்கள் குழாய்களை வளைத்து, வெல்டிங் வைத்து, ஒருவர் அமரும் காடுமேட்டு வண்டியைத் தாங்களே கட்டுகிறார்கள். அதன் பெட்ரோல் வண்டிப் போட்டியில் அணிகள் ஓட்டிவந்தது ஒரே மாதிரியான, சுமார் 10 குதிரைத்திறன் கொண்ட சின்ன என்ஜின். ஸ்கூட்டர் அளவுதான். எனவே வெற்றி என்ஜினில் இல்லை. எடையை எங்கே வைத்தார்கள், ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது, பற்சக்கர விகிதம் என்ன என்பதில் இருக்கிறது. வண்டி கட்டும் ஆர்வமுள்ள கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

சாலைக்கு வந்தால்

சொந்த நிலத்தில் ஓடும் வண்டி வேறு, சாலையில் ஓடும் வண்டி வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இந்தச் சட்டத்தை வெறும் தொல்லையாகப் பார்க்க நான் விரும்பவில்லை. பெரிய டயரின் செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்த நமக்கு, அதன் காரணம் புரிய வேண்டும். பிரேக் பத்து சதவீதம் வலுவிழந்த வண்டி இறங்கிவரும் அதே சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்து வருகிறார்கள். சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதித்த அளவில் நல்ல பூ உள்ள டயர், சரியான காற்று, சீராக வேலை செய்யும் லோ கியர், தேய்ந்த புஷ்களை மாற்றிய ஸ்பிரிங், உறுதியான இழுவைக் கொக்கி. இவை எல்லாம் சரியாக இருக்கும் பழைய ஜீப், அலங்காரம் மிகுந்த புது வண்டி நிற்கும் இடத்தில் ஏறிப் போவதைப் பார்க்கலாம்.

சக்கரத்தின் அடியில் ஒரு கல்

நாம் விட்டுவந்த ஜீப் இன்னும் அந்தச் சரிவில் நிற்கிறது. அதில் பூட்டும் பெட்டி கிடையாது, கணினியும் கிடையாது. மலைப்பாதைக்குப் பழகியவர்கள் என்ன செய்வார்கள்? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்வார்கள். முன்சக்கரத்துக்குக் கல் அணை கொடுப்பார்கள். தொங்கும் சக்கரத்தின் அடியில் தட்டைக் கற்களை அடுக்கி, இடுக்கில் காய்ந்த தழையைத் திணிப்பார்கள். பிறகு லோ கியரில், மெதுவாக.

அவர்கள் செய்தது என்ன என்று இப்போது நாம் எண்ணிலேயே சொல்லலாம். சோம்பல் மாட்டுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தார்கள். தொங்கிய சக்கரத்துக்குக் கொஞ்சம் பிடி கிடைத்ததும், சமபங்கு விதிப்படி மறு சக்கரத்துக்கும் அதே அளவு வலு வந்து சேர்ந்தது. ஒரு கிலோ பிடி சேர்த்தால் இரண்டு கிலோ உந்துதல். நம்மைக் கைவிட்ட அதே நுகத்தடி இப்போது நமக்காக இரட்டிப்பாக வேலை செய்கிறது.

கத்தும் என்ஜினோடு சக்கரத்தைச் சுழலவிட்டிருந்தால் பள்ளம் ஆழமாகியிருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும், மேல்மண்ணை அறுத்துக்கொண்டு போகும். வழுக்கும் ஒவ்வொரு சுற்றும் மலையின் மண்ணைக் கொஞ்சம் கரைக்கிறது. பாதைக்கு வெளியே காப்புக்காட்டில் ஏற்றினால் கேடு இன்னும் பெரிது, அது குற்றமும்கூட. நல்ல வண்டியை, நல்ல ஓட்டுநரை நான் அவர்கள் விட்டுப்போகும் தடத்தை வைத்தே மதிப்பிடுகிறேன். சக்கரம் உருண்ட இடத்தில் டயரின் பூ அச்சு அப்படியே மண்ணில் பதிந்திருக்கும். சுழன்ற இடத்தில் வெறும் குழி இருக்கும்.

வீட்டுக் கொட்டகையில் ஸ்பானரோடு உட்காரும் இளைஞர் எந்த மறையைக் கழற்றும் முன்பும் ஒரு மழைநாளில் போய் அந்த அச்சைப் பார்த்துவிட்டு வரட்டும். எந்தச் சக்கரம் வேலை செய்தது, எது சும்மா சுற்றியது என்று மண் எழுதிவைத்திருக்கும்.